அப்பா நம்பாத மீன்

கண்ணில் மருந்து விட்டுக்கொள்ள அப்பா மறுத்த நாட்கள் ஐந்து. வியாழக்கிழமை காலைச் சொட்டில் தொடங்கியது. ஒரு நாளைக்கு ஆறு சொட்டு. தவறிய ஒவ்வொன்றுக்கும் நேரே என் குறிப்பேட்டில் ஒரு சிறு கோடு போட்டுவைத்தேன். கோடு போடுவதைத் தவிர வேறு எதுவும் என் கையில் இல்லை.

அவருடைய இடது கண் பல வருடங்களுக்கு முன்பே கண் அழுத்த நோயில் போய்விட்டது. இருந்தது வலது கண் ஒன்றுதான். கண்புரை அறுவைக்குப் பிறகு அதன் கருவிழியும் கொஞ்சம் கொஞ்சமாக நீர் கோத்து வெளுக்கத் தொடங்கியது. புகை படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல இருக்கிறது என்றார். பிறகு, ஆள் நிற்பது தெரியும், யாரென்று தெரியாது என்ற நிலைக்கு வந்தது. பதினோரு மாதம் காத்திருந்தோம். எங்கோ யாரோ இறந்து, அவர் வீட்டார் கண்ணைக் கொடுக்கச் சம்மதித்து, அந்தக் கருவிழியின் உள்படலம் ஒன்றைத் திருநெல்வேலியில் அப்பாவுக்குப் பொருத்தினார்கள். வேறு உடம்பிலிருந்து வந்ததை நம் உடம்பு எதிரியாக நினைத்துத் தாக்கும். அந்தத் தாக்குதலை அடக்கி வைப்பது சொட்டு மருந்து. அதை நிறுத்தினால் படலம் மறுபடி வெளுக்கும். இன்னொரு முறை பொருத்தலாம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அப்பா அதை நிறுத்தியதற்குக் காரணம் ஒரு மீன்.

நான் தூத்துக்குடியில் மீன்வளம் படித்தவள். படிப்பு முடிந்ததும் கடல் வண்ணமீன்களைப் பெருக்கி விற்கும் ஒரு சிறிய பண்ணையில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது அதை விட்டுவிட்டுச் சங்கரன்கோவிலுக்கு வந்துவிட்டேன். இப்போது ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். சுற்று வட்டாரத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு, ஃப்ளோரைடு எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது வேலை. பண்ணையிலிருந்து கிளம்பும்போது மேலாளர் இரண்டு மீன்களைக் கொடுத்தார். ஒன்று, பண்ணையிலேயே பிறந்த கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டைகள். மற்றொன்று கடலில் யாரோ வீசிய வலையில் தவறிச் சிக்கிய ஏஞ்சல் மீன் குஞ்சு. பவளப்பாறைகளுக்கிடையே வாழும் சாதி. அப்போது அது என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை.

கடல் இல்லாத ஊரில் கடல்மீன் வளர்க்க வேண்டியவை: உப்புத்தூள், உப்பை அளக்கும் கருவி, கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி, தண்ணீரைக் குளிர்விக்கும் எந்திரம், நிற்காத மின்சாரம், கோபப்படாத அம்மா. கடைசி இரண்டும் எங்கள் வீட்டில் அடிக்கடி போய்விடும்.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நெஞ்சுவலிக்குப் பிறகு மாடி ஏறக் கூடாது, சைக்கிள் மிதிக்கக் கூடாது என்று ஆனதும், அவர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தொட்டிக்கு எதிரே போட்டுக்கொண்டார். கருநீல உடம்பு, அதில் வெள்ளையும் வெளிர்நீலமுமாக ஒன்றுக்குள் ஒன்று வளையங்கள். கடைசிச் சின்ன வளையம் வால் பக்கத்தில். ஏஞ்சல் குஞ்சு அப்படித்தான் இருக்கும். முதல் நாளே அப்பா சொன்னார்: "கம்பத்து மேல ஏறி நின்னு பீங்கான் இன்சுலேட்டர மேலேருந்து பாத்தா இப்படித்தாம்ட்டி இருக்கும்." அன்றிலிருந்து அதற்குப் பீங்கான் என்று பெயர். கோமாளிக்கு அவர் பெயர் வைக்கவில்லை. "அவன் சும்மா கூட்டத்துல ஒருத்தன்" என்பார்.

அவர் தொட்டியின் இடது மூலையில் உள்ளங்கையை வைத்தால் பீங்கான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கும். கண் மங்கிய பிறகும் கையை வைத்து, "வந்துட்டானா?" என்று கேட்பார். "வந்துட்டான்பா" என்பேன்.

அவருக்கு அது தெரியாமல் போன மாதங்களில்தான் பீங்கான் மாறத் தொடங்கியது.

முதலில் வாலில் லேசான மஞ்சள். பிறகு வளையங்களின் நடுவில், முதுகை ஒட்டி, மெல்லிய மஞ்சள் கோடுகள் படுக்கையாகத் தோன்றின. வளையங்கள் அங்கங்கே அறுந்தன. வெள்ளை, நீலம், மஞ்சள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று கலங்கி, நான்கைந்து மாதம் அது பார்க்கச் சகிக்கவில்லை. பழைய கோலம் அழியாமல் மேலே புதுக் கோலம் போட்டதுபோல. அதற்குப் பிறகு தெளிந்தது. உடம்பு முழுக்க நீலமும் மஞ்சளும் மாறி மாறி ஓடும் கோடுகள், மஞ்சள் வால், கண்களை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை, அதன் ஓரத்தில் மின்னும் நீலம். பழைய மீனின் ஒரு வளையம்கூட மிச்சமில்லை.

இதற்குக் காரணம் உண்டு. வளர்ந்த ஏஞ்சல் மீன் தன் எல்லைக்குள் இன்னொரு ஏஞ்சல் மீனை விடாது, கடித்துத் துரத்தும். குஞ்சும் அதே நிறத்தில் இருந்தால் பிழைக்க இடமில்லை. வேறு உருவத்தில் இருப்பதால் பெரியது அதைத் தன் இனமாக எண்ணாமல் விட்டுவிடுகிறது. தனக்கென்று இடம் பிடிக்கும் அளவு வளர்ந்ததும் அது தன் சொந்த நிறத்துக்கு வருகிறது. மீன்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்தியவர்களே ஒரு காலத்தில் குஞ்சையும் பெரியதையும் இரண்டு தனி இனங்களாக எழுதிவைத்திருந்தார்கள். அதனால் அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கலங்கிக் கிடந்த மாதங்களில் பக்கத்து வீட்டு அத்தை கடன் வாங்கிய தோசைக்கல்லைத் திருப்பித் தர வந்து தொட்டியைப் பார்த்தாள்.

"ஐயோ, ஏட்டி, மீனுக்குத் தோல்ல சீக்கு வந்துட்டே. திட்டுத் திட்டா இருக்கு பாரு."

"சீக்கு இல்ல அத்தை. பெருசாகுதான். நிறம் மாறும்."

"நீ படிச்சவ, அப்படித்தான் சொல்லுவ. கோயில்ல புத்துமண் ஒரு சிட்டிகை எடுத்தாந்து தண்ணியில கரைச்சு விடு. எங்க வீட்டுப் பிள்ளைக்குப் படை அதுலதான போச்சு."

"கரைச்சா மீன் செத்துரும் அத்தை."

"மனுசன் தின்னு பிழைக்கான், மீன் செத்துருமாக்கும்."

அத்தை போன பிறகு நான் அம்மாவிடம் தொட்டிக்குள் ஒரு துகள்கூட விழக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அம்மா சத்தியத்தைக் காப்பாற்றினாள். மறுநாள் பார்த்தால் கண்ணாடியின் வெளிப்புறத்தில், மீன் வழக்கமாக நிற்கும் உயரத்தில், புற்றுமண் குழைத்து ஒரு பொட்டு வைத்திருந்தாள்.

இதில் எதையுமே நான் அப்பாவிடம் சொல்லவில்லை. தினமும் கேட்டார், "பீங்கான் சாப்பிட்டானா?" "சாப்பிட்டான்." அது உண்மை. நிறம் மாறுவதைச் சொன்னால் பார்க்க முடியவில்லையே என்று ஏங்குவார் என்று நினைத்தேன். கண் வந்ததும் தானே பார்த்து ஆச்சரியப்படட்டும் என்றும் நினைத்தேன். இரண்டும் நல்ல எண்ணங்கள். எங்கள் வீட்டில் எல்லாத் தவறுகளும் நல்ல எண்ணத்தில்தான் நடக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லவில்லை. கோடையில் ஒரு நாள் அப்பாவை அம்மா திருநெல்வேலிக்குப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தாள். நான் வேலைக்குப் போயிருந்தேன். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் போன மின்சாரம் நான் வந்த பிறகுதான் திரும்பியது; மொத்தம் ஐந்து மணி நேரம். நான் வரும்போது தொட்டித் தண்ணீர் குளிக்கும் வெந்நீர்போல இருந்தது. பீங்கான் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கோமாளி அடியில் பக்கவாட்டில் கிடந்தது. ஐஸ் பாட்டில்களைப் போட்டு ஒன்றைக் காப்பாற்றினேன். அடுத்த ஞாயிறு தூத்துக்குடிக்குப் போய் அதே அளவில், அதே மூன்று பட்டையோடு வேறொரு கோமாளி வாங்கிவந்து விட்டேன். அம்மாவுக்கே தெரியாது.

அறுவை முடிந்து முதல் வாரங்களில் அப்பா உள்ளறையில் படுத்திருந்தார். முன்னறைக்கு வந்து தொட்டியைப் பாருங்கள் என்றால், "தெளியட்டும். அரைகுறையாப் பாக்க மாட்டேன்" என்றார். ஐந்தாவது வாரத்தில் நாள்காட்டியின் தேதியைக் கட்டிலில் இருந்தபடியே படித்தார். மறுநாள் புதன்கிழமை மாலை எழுந்து, சட்டை போட்டுக்கொண்டு, யாரையோ பார்க்கப் போவதுபோலத் தலை சீவிக்கொண்டு, முன்னறைக்கு வந்தார்.

நானும் அம்மாவும் பின்னால் நின்றோம். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

"பீங்கான் எங்கட்டி?"

"அன்னா நிக்கான்லாப்பா."

"எங்கன?"

"உங்க முன்னாலதான். அந்த மஞ்சக் கோடு போட்டவன். வளந்துட்டான்பா. இவங்க வளந்தா நிறம் மாறிரும்."

அவர் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"என்னைக்குச் செத்தான்?"

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதற்கு இரண்டு வருடம் பின்னால் போக வேண்டும். நெஞ்சுவலிக்காக அப்பா தீவிர சிகிச்சையில் இருந்தபோது வாசுதேவநல்லூரில் பெரியப்பா இறந்துபோனார். அப்பாவின் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். நோயாளியிடம் சாவுச் செய்தி சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை சொல்லவில்லை. அண்ணன் ஏன் பார்க்க வரவில்லை என்று அப்பா கேட்டதற்கு, காசிக்குப் போயிருக்கிறார் என்றோம். "காசிக்கா? அவன் குத்தாலத்துக்குக் கூப்பிட்டாலே வர மாட்டானே" என்றார். அம்மா சாமி படத்தைத் தொட்டுச் சொன்னாள். அப்பா நம்பினார்.

அதனால் இந்தப் புதன்கிழமை அம்மா, "என் தாலிமேல சத்தியமா அதே மீன்தாங்க" என்றபோது அப்பா அமைதியாகத் திரும்பினார்.

"காசிக்குப் போயிருக்கான்னு எதைத் தொட்டுச் சொன்ன நீ?"

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் ஒவ்வொரு ஆதாரமாகக் கொண்டுவந்தேன். முதலில் போனில் இருந்த படங்கள். வளையம், வளையத்தோடு மஞ்சள், கலங்கல், கோடு. "இந்தப் போன்லதான உங்க அம்மைக்கு மீசை வச்சுக் காட்டின?" என்றார். அடுத்தது என் குறிப்பேடு. "எழுதினது யாரு?" பண்ணை மேலாளரைப் போனில் பேசவைத்தேன். அவர் பொறுமையாகக் கால் மணி நேரம் விளக்கினார். அப்பா, "சரி சார், சரி சார்" என்று கேட்டுவிட்டு, போனை என்னிடம் கொடுத்து, "நல்ல மனுசன். நீ சொல்லிக் குடுத்தத அப்படியே சொல்லுதாரு" என்றார்.

கடைசியாக, கை. "மூலையில கைய வைங்கப்பா. அவன் வருவான். வேற மீன்னா வருவானா?" அவர் தயங்கித் தயங்கி உள்ளங்கையை வைத்தார். பீங்கான் வந்தது. அவர் முகம் ஒரு நொடி இளகியதை நான் பார்த்தேன். உடனே அவர் அம்மாவைக் கூப்பிட்டு, "நீ வை" என்றார். அம்மா வைத்தாள். பீங்கான் அவள் கைக்கும் வந்து நின்றது. பதினோரு மாதம் நான் அதே மூலையில்தான் தீனி போட்டிருக்கிறேன். அதற்கு எல்லாக் கையும் ஒன்றுதான்.

வியாழக்கிழமை காலை மருந்தோடு போனேன். பழைய குப்பி முந்தின நாள்தான் தீர்ந்திருந்தது. கடையில் அதே மருந்தை வேறு கம்பெனியில் கொடுத்திருந்தார்கள். வெள்ளை மூடி போய் இளஞ்சிவப்பு மூடி. அப்பா குப்பியை வாங்கி, வந்த கண்ணால் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டப்பாவும் மாறிட்டு."

"கம்பெனிதான்பா வேற. உள்ள மருந்து ஒண்ணுதான்."

"மீனும் அதே மீனு. மருந்தும் அதே மருந்து." குப்பியை என் கையில் வைத்தார். "டாக்டர் உன்னைய மட்டும் தனியாக் கூப்பிட்டுப் பேசினான்லா? இந்தக் கண்ணு நிக்காதுன்னு சொல்லிருக்கான். நான் மனசு விட்டுரக் கூடாதுன்னு ரெண்டு பேரும் தண்ணிய ஊத்திக்கிட்டு இருக்கிய. எதுக்கு இந்தச் சிரமம்? நான் ஒண்ணும் சின்னப் பிள்ள இல்ல."

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டது உண்மை. படலம் நிலைப்பதற்கு வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று அவர் சொன்னதும் உண்மை. அதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கெஞ்சினேன். சனிக்கிழமை சண்டை போட்டேன். அம்மா சாப்பிடமாட்டேன் என்றாள். அப்பா தானும் சாப்பிடமாட்டேன் என்றார், பிறகு இரண்டு பேருமே சாப்பிட்டார்கள், மருந்து மட்டும் அப்படியே இருந்தது. பரிசோதனைக் கூடத்தில் பனவடலிசத்திரத்திலிருந்து வந்த ஒரு விவசாயியின் தண்ணீரை மூன்று முறை சோதித்து மூன்று விதமாக எழுதினேன். எனக்கு அப்படி நடந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டு அவர் கண்ணயர்ந்திருந்தபோது, நான் வெட்கப்படும் காரியம் ஒன்றைச் செய்தேன். குப்பியை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலருகே மண்டியிட்டேன். கீழ் இமையை விரல் நுனியால் மெதுவாக இழுத்தேன். சொட்டு விழுவதற்குள் என் மணிக்கட்டை அவர் பிடித்துவிட்டார். கம்பத்தில் ஏறியிறங்கிய கை. எழுபதிலும் அந்தப் பிடி குறையவில்லை.

"தூங்குத கண்ணுலயும் ஊத்தப் பாக்கியா?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்போதுதான் அருகிலிருந்து பார்த்தேன். வெள்ளை விழியில், கருவிழியைச் சுற்றி, ரத்தம் கட்டியதுபோலச் சிவந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் உடனே வர வேண்டிய அறிகுறிகள் மூன்று போட்டிருந்தன: சிவப்பு, வெளிச்சம் கூசுவது, பார்வை மங்குவது. சாயங்காலம் விளக்கைப் போட்டபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாவது. மூன்றாவதை என்னால் கேட்க முடியவில்லை. கேட்டாலும் சொல்லமாட்டார். திங்கட்கிழமை காலை நாள்காட்டித் தாளைக் கிழிக்கப் போனவர், தேதிக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனார். மூன்றாவது.

நான் அந்த இடத்திலேயே, பல் துலக்கிய பிரஷ் கையில் இருக்க, பேச ஆரம்பித்தேன். திட்டம் எதுவும் இல்லை.

"அப்பா, நீங்க சொன்னது சரி. மீன் செத்துட்டு. நான் மாத்தி வச்சேன்."

அவர் திரும்பினார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"ஆனா பீங்கான் இல்ல. கோமாளி. கோடையில செத்துட்டான். அதே மாதிரி ஒண்ணு தூத்துக்குடில வாங்கிட்டு வந்து விட்டேன். உங்களுக்கும் சொல்லல, அம்மைக்கும் சொல்லல."

அப்பா தொட்டிக்குப் போனார். வெளிச்சம் கூச, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, சின்ன ஆரஞ்சு மீனைத் தேடினார்.

"இவனா? இவன்தான அப்படியே இருக்கான்."

"இவன் வேறப்பா."

"எப்படிச் செத்தான்?"

"கரண்டு போயிட்டு. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கு. அஞ்சு மணி நேரம்."

"அஞ்சு மணி நேரமா? தெரு முழுக்கவா, நம்ம வீடு மட்டுமா?"

"தெரியலப்பா."

"அதைக் கூடக் கேக்கலையா? பக்கத்து வீட்டுல ஃபேன் ஓடுதான்னு பாத்தாத் தெரிஞ்சிட்டுப் போகுது. பியூஸ் போயிருக்கும். ஒரு போன் போட்டிருந்தா நான் சொல்லிருப்பேன், கண்ணு தெரியாட்டாலும் வாய் இருக்குல்லா?"

"ஏன் எங்கிட்டச் சொல்லல நீ?" என்று அடுப்படி வாசலிலிருந்து அம்மா கேட்டாள். அப்பா அவளைக் கையமர்த்தினார்.

"நீ பேசாத. நீ காசிக்காரி." பிறகு என்னிடம், "கிளம்பு. டாக்டர்கிட்டப் போவோம். நானே கேட்டுக்கிடுதேன்."

குப்பியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நம்பியதாகவும் சொல்லவில்லை. கிளம்பு என்றார், அவ்வளவுதான்.

திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னலோரம் வேண்டாமென்று உள்பக்கம் உட்கார்ந்து, துண்டைத் தலையோடு முகத்தில் போட்டுக்கொண்டார். ஊர் எல்லை தாண்டியதும் துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வேற?"

"என்னப்பா?"

"வேற என்னல்லாம் சொல்லாம வச்சிருக்க? ஒண்ணொண்ணாச் சொல்லு. உனக்குத்தான் வரிசை போடத் தெரியுமே."

சொன்னேன். பீங்கான் நிறம் மாற ஆரம்பித்தபோதே தெரியும், சொல்லவில்லை. டாக்டர் பாதிக்குப் பாதி என்றார், சொல்லவில்லை. இடது கண்ணுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது என்று போன வருடமே சொல்லிவிட்டார்கள். பார்க்கலாம் என்று உங்களிடம் சொன்னது நான். பனவடலிசத்திரத்தில் பஸ் நின்று, ஆட்கள் ஏறி, மறுபடி கிளம்பியது.

"வேற?"

"வேற இல்லப்பா."

"இருக்கு. உன் குரல்ல இருக்கு."

கண்டக்டர் எங்களைத் தாண்டிப் போகும்வரை காத்திருந்தேன்.

"பெரியப்பா கடைசி ரெண்டு நாளும் உங்களத்தான் கேட்டாங்க. உங்களுக்கு நெஞ்சுவலின்னு அவங்ககிட்டச் சொல்லல. வேலை முடிஞ்சு வந்துக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னோம். ரெண்டு நாளும் அப்படியே சொன்னோம்."

இரண்டு நிறுத்தங்கள் கடந்தன. மூன்றாவதில் அவர் கை தடவி வந்து என் முழங்கை மேல் இருந்தது. தட்டிக்கொடுக்கவில்லை, அழுத்தவுமில்லை. பஸ் குலுங்குகிறதே என்று பிடித்துக்கொண்டதாகக்கூட இருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் எங்கள் முறை வந்ததும் வழக்கம்போல நான் முன்னால் நடந்தேன். டாக்டர் கண்ணை விளக்குக் கருவியில் வைத்துப் பார்த்தார். எத்தனை நாள் மருந்து விடவில்லை என்று கேட்டார். "அஞ்சு நாள்" என்றேன். அவர் மறுபடி பார்த்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"டாக்டர்," என்றார் அப்பா, "அங்கன எதுக்குத் திரும்புதிய? கண்ணு என் கண்ணு. என்கிட்டச் சொல்லுங்க. இவ வெளிய இருக்கட்டும்."

"அப்பா—"

"நீ வெளிய போட்டி."

வெளியே சுவரோரம் போட்டிருந்த இரும்பு நாற்காலி வரிசையில் உட்கார்ந்தேன். எதிரில் ஒரு பெண் தன் மாமனாருக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். செய்ய வேண்டியவை என்று மனதில் ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன். ஒன்று என்ற எண்ணுக்கு மேல் போகவில்லை. கதவு மூடியிருந்தது. என்ன பேசுகிறார்கள் என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. இதே கதவுக்கு வெளியே, இதே நாற்காலிகளில் ஒன்றில், டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்ட அன்று அவர் உட்கார்ந்திருந்தார். அப்போது அவருக்குக் கதவும் தெரிந்திருக்காது.

பத்து நிமிடம் கழித்து வந்தார். சுவரைத் தொட்டபடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் சீட்டு. வாங்கிப் பார்த்தேன். அதே மருந்து, மணிக்கு ஒரு முறை, தூங்கும் நேரம் தவிர. கூட ஒரு மாத்திரை. ஒரு வாரத்தில் வந்து காட்ட வேண்டும். அந்த அளவு எதற்குக் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உடம்பு படலத்தைத் தாக்க ஆரம்பித்துவிட்டால் கொடுப்பது. மீளுமா மீளாதா என்பது மட்டும் சீட்டில் எழுதியிருக்கவில்லை.

"என்னப்பா சொன்னாங்க?"

அவர் துண்டை மடித்து மடியில் வைத்தார். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பி, லேசாகச் சிரித்தார்.

"ஒண்ணும் பயம் இல்லன்னுட்டாரு மக்கா. எல்லாம் சரியாயிரும்."

அந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு, காசியில் இந்நேரம் நல்ல குளிராக இருக்கும் என்று அவரிடம் சொன்னபோது என்னிடமிருந்து வந்த குரல் அது. உள்ளே போய் டாக்டரிடம் கேட்டிருக்கலாம். எழுந்தேன். அவர் என் துப்பட்டா நுனியைப் பிடித்து இழுத்தார்.

"எங்க போற? நேரமாகுதுல்லா. அந்தச் செவப்பு மூடிய எடு."

உட்கார்ந்து மூடியைத் திறந்தேன். முதல் சொட்டு அவர் கன்னத்தில் விழுந்தது. "பாத்து ஊத்து" என்று சொல்லிவிட்டு, அவர் தலையைச் சுவரில் சாய்த்து, சிவந்த கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.